தையல் மெஷின் கம்பெனி செய்த ரைஃபிள்: ஜப்பானின் அரிசாகா கதை

திருப்பூர் கார்மென்ட்ஸ் யூனிட்டுக்குள் ஒருமுறையாவது போனவர்களுக்கு ஜூக்கி என்ற பெயர் தெரிந்திருக்கும். வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் பவர் மெஷின்களின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயர் அது. டெய்லர்களிடம் கேட்டால் அதை ஒரு கம்பெனிப் பெயராகவே சொல்ல மாட்டார்கள். "ஜூக்கி மெஷின்" என்பது தனி வகை மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஜூக்கி 1938-ல் டோக்கியோவில் தொடங்கியது. சுமார் 900 இயந்திரப் பட்டறை முதலாளிகள் பணம் போட்டு ஆரம்பித்த கூட்டமைப்பு அது. ஜூக்கி என்றால் கனரக இயந்திரம் என்று பொருள். ஆனால் அவர்கள் அப்போது செய்தது தையல் மெஷின் இல்லை, ஜப்பான் ராணுவத்துக்கான ரைஃபிள்.

அந்த ரைஃபிளின் பொதுப்பெயர் அரிசாகா. இரண்டாம் உலகப் போரில் சீனாவிலும் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும், நம்ம இம்பால், கோஹிமா மலைகளிலும் ஜப்பானிய வீரர்களின் தோளில் தொங்கியது இதுதான். ஒரு நாடு போருக்குள் போனபோது அதன் கையில் என்ன இருந்தது, தோற்றபோது என்ன மிச்சமிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலே போதும். 1940-ல் செய்த ஒன்றையும் 1945-ல் செய்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே டிசைன் என்று நம்பவே முடியாது.

முதலில் அந்த நம்பர் குழப்பம்

டைப் 30, டைப் 38, டைப் 99. இது மாடல் வரிசை இல்லை, வருடக் கணக்கு. மெய்ஜி பேரரசர் ஆட்சியின் 30-ம் ஆண்டில் வந்தது டைப் 30. அதாவது 1897. அதே ஆட்சியின் 38-ம் ஆண்டில், 1905-ல் வந்தது டைப் 38. பிறகு கணக்கு முறை மாறிவிட்டது. ஜப்பானின் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் 1939 என்பது 2599. கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்தால் டைப் 99. (புகழ்பெற்ற ஜீரோ போர் விமானத்தின் பெயரும் இப்படி வந்ததுதான். 1940 என்றால் 2600, கடைசியில் சைபர்.)

அரிசாகா என்பது ஆள் பெயர். டைப் 30 ரைஃபிளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ராணுவ அதிகாரி அரிசாகா நரியாகிரா. 1904-05 ரஷ்யப் போரில் அவருடைய துப்பாக்கியோடுதான் ஜப்பான் போனது. போரில் ஜெயித்தாலும் ஒரு பிரச்சினை தெரிந்தது. மஞ்சூரியாவின் புழுதி துப்பாக்கியின் உள்ளே புகுந்து மெக்கானிசத்தை மக்கர் பண்ண வைத்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு நம்பு கிஜிரோ என்ற அதிகாரியிடம் வந்தது. அவர் கைவைத்து முடித்ததுதான் டைப் 38.

ஆறே பாகங்கள்

நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் ரொம்ப காலம் இருந்த 'த்ரீ நாட் த்ரீ' ரைஃபிள் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஒரு கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்க வேண்டும். பழைய தோட்டாவின் கூடு வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும். அந்தக் கைப்பிடியோடு சேர்ந்த உருளைக்குப் பெயர் போல்ட். அரிசாகாவும் அதே போல்ட் வகைதான். ஐந்து தோட்டாக்களை ஒரு கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்தி உள்ளே தள்ளலாம்.

நம்பு செய்த வேலையின் அழகு அந்த போல்ட்டில் இருக்கிறது. மொத்தம் ஆறே பாகங்கள். அந்தக் காலத்தில் உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்த ஜெர்மனியின் மவுசர் 98-ல்கூட இதைவிட அதிகம். ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம், வெறும் கையாலேயே பிரித்துத் துடைத்து மாட்டிவிடலாம். பின்பக்கம் ஒரு வட்டக் குமிழ் இருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினால் சேஃப்டி. மஞ்சூரியக் குளிரில் தடித்த கையுறை போட்டுக்கொண்டும் இதைச் செய்ய முடியும். விரல் நுனியால் நெம்ப வேண்டிய சின்ன லீவர் எதுவும் கிடையாது.

ஏதாவது ஒரு தோட்டா உள்ளேயே வெடித்துக் கிழிந்துவிட்டால்? அந்த வாயு சுடுபவரின் முகத்துக்கு வராமல் மேல்பக்கமாக வெளியேற இரண்டு துளைகள். புழுதிக்கு, போல்ட்டின் மேல் ஒரு வளைந்த தகடு. போல்ட்டை இழுக்கும்போது அதுவும் கூடவே நகரும். சீனாவில் இந்தத் தகடுதான் துப்பாக்கியின் பெயராகவே மாறியது. அங்கே இன்றும் இதை 'முப்பத்தெட்டு பெரிய மூடி' என்றுதான் சொல்கிறார்கள். மக்கள் விடுதலைப் படை ஜப்பானியரிடமிருந்து பறித்த இந்தத் துப்பாக்கிகளைப் பிறகு பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், சீனப் போர்ப் படங்களில் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

நீளம் கிட்டத்தட்ட 128 செ.மீ. முன்னால் பயனெட் என்ற கத்தியைச் செருகினால் 166 செ.மீ. அதைத் தூக்கிக்கொண்டு போன வீரர்களில் பலரைவிட உயரமான ஆயுதம்! இவ்வளவு நீளமான குழலுக்குக் காரணம் இருந்தது. தோட்டா 6.5 மி.மீ., சின்னது. மருந்தும் குறைவு. நீளக் குழலுக்குள் அந்த மருந்து முழுசாக எரிந்துவிடும் என்பதால், சுடும்போது வாய்ப்பகுதியில் நெருப்புப் பொறி குறைவு. தோளில் உதையும் குறைவு. எங்கிருந்து சுடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது எதிரிக்குக் கஷ்டம்.

இந்த மென்மையான உதை ரஷ்யாவில் வேறு ஒரு கதையைத் தொடங்கி வைத்தது. முதல் உலகப் போரில் துப்பாக்கிப் பஞ்சத்தில் தவித்த ரஷ்யா லட்சக்கணக்கில் அரிசாகா வாங்கியது. பத்து வருடத்துக்கு முன் யாரோடு சண்டை போட்டதோ, அவர்களிடமிருந்தே! அதனால் ரஷ்யாவில் 6.5 மி.மீ. தோட்டாக்கள் நிறைய இருந்தன. ஃபெடரோவ் என்ற ரஷ்ய டிசைனர் 1916-ல் தன்னுடைய தானியங்கி ரைஃபிளுக்கு அந்தத் தோட்டாவையே எடுத்துக்கொண்டார். இன்றைய அசால்ட் ரைஃபிள்களின் தாத்தாக்களில் ஒன்று என்று பலரும் சொல்வது அதைத்தான். தோட்டாவைப் பிறப்பித்த ஜப்பான், அடுத்த 30 வருடமும் கைப்பிடியை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நன்றாக ஓடிய வண்டியை ஏன் மாற்றினார்கள்?

டைப் 38 சுமார் 34 லட்சம் வரை தயாரானது. வீரர்களுக்குப் பழகிய ஆயுதம். பிறகு ஏன் டைப் 99?

காரணம் மெஷின் கன். 1930-களில் சீனாவில் சண்டை நீள நீள, 6.5 மி.மீ. தோட்டா தூரத்தில் பலம் போதவில்லை என்று ராணுவம் உணர்ந்தது. கனரக மெஷின் கன்னை 7.7 மி.மீ. அளவுக்கு மாற்றினார்கள். எதிரில் இருப்பவர்களும் பெரிய தோட்டாதான் வைத்திருந்தார்கள். அப்படியென்றால் ரைஃபிளும் அதே அளவுக்கு வந்துவிட்டால் சப்ளை சுலபம். பேப்பரில் பார்த்தால் சரியான முடிவு.

ஆனால் 1937 ஜூலையிலேயே சீனாவுடன் முழுப் போர் தொடங்கிவிட்டது. போர் நடுவில் தோட்டா அளவை மாற்றுவது என்பது, ஓடுகிற பஸ்ஸில் டயரை மாற்றுகிற வேலை. எல்லாப் படைப்பிரிவுக்கும் புது ரைஃபிள் கொடுத்து முடிக்கவே இல்லை. ஒரு பிரிவு 6.5, பக்கத்துப் பிரிவு 7.7. அந்த 7.7-லும் மெஷின் கன் தோட்டாவின் அடிவிளிம்பு வேறு, ரைஃபிள் தோட்டாவின் அடிவிளிம்பு வேறு. மெஷின் கன் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், ரைஃபிள் ஏற்றுக்கொள்ளாது. இது போதாதென்று கப்பற்படை பயன்படுத்திய 7.7, பிரிட்டிஷ் த்ரீ நாட் த்ரீயின் தோட்டா. மூன்றும் '7.7' தான், மூன்றும் வேறு. ஏதோ ஒரு தீவில் இறங்கும் தோட்டாப் பெட்டி அங்கே இருக்கும் துப்பாக்கிக்குப் பொருந்துமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எனக்குத் தோன்றுவது இதுதான்: டைப் 99 நல்ல துப்பாக்கி, தப்பான நேரத்தில் வந்த துப்பாக்கி.

ஃபுல் ஆப்ஷன் மாடல்

ஆரம்ப கால டைப் 99-ஐப் பார்த்தால், கார் ஷோரூமில் டாப் வேரியன்ட் பார்க்கிற மாதிரி இருக்கும். நீளம் 112 செ.மீ. ஆகக் குறைந்தது. பழைய நீளத்திலும் கொஞ்சம் செய்து பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். குழலுக்கு அடியில் மடித்து வைக்கும் கம்பி ஸ்டாண்ட். படுத்துச் சுடும்போது ஊன்றிக்கொள்ளலாம். குறி பார்க்கும் பகுதியில் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரியும் சின்னக் கம்பிகள். எதற்கு? பறக்கிற விமானத்தைச் சுட! விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கு எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்று காட்டும் அளவுகோல் அது. ஒற்றை ரைஃபிளால் விமானத்தை வீழ்த்துவது நடக்கிற காரியமா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் குண்டு போடும் விமானத்துக்குக் கீழே கையைக் கட்டி நிற்பதைவிட, பத்துப் பேர் சேர்ந்து சுட்டால் ஒரு தைரியம்.

அந்தக் கம்பி ஸ்டாண்டும் சிறகும் பார்க்க வேடிக்கை. உண்மையான முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது: குழலின் உட்புறம் குரோமியப் பூச்சு. நம்ம பைக் சைலன்சரில் பளபளக்கும் அதே குரோமியம்தான், ஆனால் இது அழகுக்கு இல்லை. அந்தக் காலத் தோட்டாக்களில் இருந்த ரசாயனம், சுட்ட பிறகு குழலுக்குள் உப்பு மாதிரி படியும். ஈரக் காற்று பட்டால் துரு. பர்மா மழைக்காலத்தில், பசிபிக் காட்டில், தினமும் துடைத்தாலும் துரு. குரோமியப் பூச்சு அதைத் தடுத்தது. காலாட்படை ரைஃபிளில் பெரிய எண்ணிக்கையில் இதைச் செய்த முதல் நாடு ஜப்பான்தான். இது எவ்வளவு முக்கியம் என்று அமெரிக்கா வியட்நாமில் கற்றுக்கொண்டது. அவர்களுடைய எம்-16 ரைஃபிள் 1960-களில் காட்டுக்குள் மாட்டிக்கொண்டு அடைத்தபோது, செய்த திருத்தங்களில் ஒன்று குரோமியப் பூச்சு. கால் நூற்றாண்டு தாமதம்.

கட்டையிலும் ஒரு சின்ன புத்திசாலித்தனம். தோளில் ஊன்றும் பின்பகுதியை ஒரே பலகையில் செதுக்காமல், மேல் துண்டு கீழ் துண்டு என்று இரண்டைக் கோத்து ஒட்டினார்கள். பார்க்கிறவர்களுக்கு உடைந்த கட்டையை ஒட்டிய மாதிரி தெரியும். ஆனால் சின்ன மரத்திலிருந்தும் கட்டை எடுக்கலாம், மரம் வீணாகாது, சுலபத்தில் பிளக்கவும் பிளக்காது. இது போர்க்காலச் சிக்கனம் இல்லை. டைப் 38 காலத்திலிருந்தே இப்படித்தான்.

யார் செய்தார்கள்?

முதலில் டோக்கியோவின் கொய்ஷிகாவா பகுதியில் இருந்த அரசு ஆயுத ஆலை. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கம் அதைச் சிதைத்துப் போட்டது. (இன்று அந்த இடத்தில்தான் டோக்கியோ டோம் ஸ்டேடியம் இருக்கிறது.) 1930-களில் உற்பத்தி தெற்கே கியூஷு தீவின் கொக்குராவுக்கு மாறியது. இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். இன்னொரு பெரிய மையம் நகோயா. ஜப்பான் பிடித்து வைத்திருந்த கொரியாவில் இன்சியான், மஞ்சூரியாவில் முக்டன் என்று வெளியேயும் ஆலைகள் இருந்தன.

இவை போதவில்லை. தனியார் கம்பெனிகளைக் கூப்பிட்டார்கள். 1907-ல் டொயோடா குடும்பத்தின் பெயரில் நெசவுத் தறி செய்யத் தொடங்கிய நிறுவனம், போர்க்காலத்தில் ஹோவா என்ற பெயரில் ரைஃபிள் செய்தது. ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ. பெயர் புதுசாக இருக்கிறதா? 1920-ல் கார்க் தயாரிக்க ஆரம்பித்து, 1931-ல் மூன்று சக்கர டெம்போ செய்த அந்தக் கம்பெனிதான் இன்றைய மாஸ்டா. டோக்கியோவில் ஜூக்கி.

நெசவுத் தறி, டெம்போ, லேத் பட்டறை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும்: பெரிய கம்பெனியின் பெயர் வெளியே இருக்கும், உள்ளே வேலை பத்து இடத்துக்கு ஜாப் ஒர்க்காகப் போய்விடும். நன்மை, சீக்கிரம் எண்ணிக்கை வரும். கெடுதல், ஒரு பட்டறையில் கடைந்த போல்ட் இன்னொரு பட்டறையின் ரைஃபிளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அரம் பிடித்து ராவிப் பொருத்தி, ஒரே துப்பாக்கியின் பாகங்கள் என்று தெரிய அசெம்பிளி எண் குத்தி அனுப்பினார்கள். போர்க்களத்தில் இரண்டு பழுதான துப்பாக்கியைச் சேர்த்து ஒரு நல்ல துப்பாக்கி செய்வது அமெரிக்கர்களுக்குச் சுலபம். ஜப்பானியர்களுக்கு அது லாட்டரி.

சீரியல் நம்பரிலும் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு லட்சத்துக்கும் ஒரு ஜப்பானிய எழுத்தை வட்டத்துக்குள் குத்தி, நம்பரைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆலைகளுக்கு எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்திருந்ததால், இன்று ஒரு துப்பாக்கி கையில் கிடைத்தால் எங்கே, சுமாராக எப்போது செய்தது என்று சேகரிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள். டைப் 99 மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல்.

ஒவ்வொன்றாகக் கழன்றது

1940-லேயே அமெரிக்கா பழைய இரும்பு விற்பதை நிறுத்தியது. அடுத்த வருடம் எண்ணெய். போர் விரிந்ததும் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைக் கடலுக்கு அடியில் அனுப்பத் தொடங்கின. ஊர் ஊராக உலோகம் திரட்டினார்கள். கோயில் மணிகள் உருக்கப்பட்டன. இறந்துபோன எஜமானுக்காக ரயில்வே ஸ்டேஷனில் காத்திருந்த நாய் ஹாச்சிகோவின் வெண்கலச் சிலைகூட உருக்குவதற்குப் போனது. இப்போது ஷிபுயாவில் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் சிலை 1948-ல் திரும்பச் செய்தது.

ரைஃபிளிலும் இது தெரிந்தது. 1943-லிருந்து பார்த்தால் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது.

விமானத்துக்கான சிறகு போனது. கம்பி ஸ்டாண்ட் போனது. புழுதித் தகடு போனது; நம்பு எதற்காகக் கண்டுபிடித்தாரோ அதுவே தேவையில்லை என்றாகிவிட்டது. குழலைத் துடைக்கும் கம்பியைக் குட்டையாக்கினார்கள், பிறகு எடுத்தே விட்டார்கள். குரோமியப் பூச்சு நின்றது. தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் குறிக்கண்ணாடிச் சட்டம் போய், 300 மீட்டருக்கு நிலையாக வைத்த ஒரே ஓட்டை வந்தது. அதற்கு மேலே சுட வேண்டுமென்றால் கணக்கு மனசுக்குள். கட்டையின் அடியில் இருந்த இரும்புப் பட்டைக்குப் பதில் ஒரு பலகைத் துண்டு, ஆணி அடித்து. தோல் வார் மாட்டும் இரும்பு வளையம் போய், கட்டையில் ஒரு துளை போட்டுக் கயிற்றைக் கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். முட்டை வடிவத்தில் அழகாகக் கடைந்த போல்ட் குமிழ், வெறும் உருளையாக மாறியது. லேத்தில் ஒரு வேலை மிச்சம். கடைசி மாதத் துப்பாக்கிகளில் கட்டர் ஓடிய கோடுகள் அப்படியே தெரியும், மரத்தில் ராவிய தடம் தெரியும். மினுமினுப்பு ஃபினிஷிங் செய்ய யாருக்கும் நேரம் இல்லை.

நேரம் மட்டுமில்லை, ஆளும் இல்லை. அனுபவமுள்ள கடைசல்காரர்களே ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். 1944-ல் பள்ளி மாணவர்களையும் மாணவிகளையும் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். கொக்குரா ஆலையில் பள்ளி மாணவிகள் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, அமெரிக்காவுக்குக் காற்றில் பறக்கவிடும் பலூன் குண்டுகள் செய்தார்கள். ஹோம்வொர்க் செய்கிற வயசு.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தக் கடைசிக் காலத் துப்பாக்கிகளுக்கு வைத்த பெயர் 'லாஸ்ட் டிச்'. அதாவது, இனி பின்வாங்க இடமில்லை என்கிற கட்டம்.

அப்போ, சுட்டால் வெடிக்குமா?

போருக்குப் பிறகு அமெரிக்காவில் அப்படித்தான் பேச்சு. ஜப்பான் துப்பாக்கி என்றால் கையில் வெடிக்கும் என்று. இதில் ஒரு குழப்பம் கலந்திருந்தது. ஜப்பானில் பள்ளிகளில் டிரில் பயிற்சிக்காக, வெறும் சத்தம் மட்டும் போடும் பொய்த் தோட்டாவுக்கு என்று டம்மி ரைஃபிள்கள் செய்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போன சிப்பாய்கள் சிலர் அதில் நிஜத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அசல் அரிசாகா நேர் எதிர். பி.ஓ. ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிபுணர், பல நாடுகளின் ராணுவ ரைஃபிள்களில் மருந்தை ஏற்றிக்கொண்டே போய், எது எப்போது உடைகிறது என்று சோதித்தார். அரிசாகாவின் போல்ட்டும் அதைத் தாங்கும் உடற்பகுதியும்தான் மிகவும் தாக்குப்பிடித்தவை. லாஸ்ட் டிச் துப்பாக்கிகளிலும் பொதுவாக வெளித்தோற்றத்தில்தான் சிக்கனம். தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் பூட்டுப் பகுதியைக் கடைசிவரை பெரும்பாலும் ஒழுங்காகவே கடைந்தார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் பிரச்சினை தரம் இல்லை. எதிரில் நின்ற அமெரிக்கச் சிப்பாயின் கையில் எம்-1 கரண்ட். விசையை அழுத்த அழுத்த எட்டுத் தோட்டா, கைப்பிடியை இழுக்கும் வேலையே இல்லை. போருக்குள் சுமார் 40 லட்சம் செய்து முடித்தார்கள். ஜப்பானும் அதைப் பிரித்துப் பார்த்துத் தன் 7.7 தோட்டாவுக்கு ஒரு நகல் செய்யப் பார்த்தது. ஆனால் 1945-ல் போர் முடிந்தபோது சில நூறைக்கூடத் தாண்டவில்லை. இவ்வளவுக்கும் மற்ற பெரும்பாலான நாடுகளும் போல்ட் ரைஃபிளோடுதான் போரிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனி, பிரிட்டன் உட்பட.

அந்த வருடம் ஜூனில் ஜப்பான் ஒரு சட்டம் போட்டது. 15 முதல் 60 வயது ஆண்களும், 17 முதல் 40 வயது பெண்களும் தொண்டர் படையில் சேர வேண்டும். அவர்களுக்குக் கொடுக்க கயிறு கட்டிய ரைஃபிள்கூட இல்லை. மூங்கிலைச் சீவி ஈட்டியாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள்.

துப்பாக்கியிடம் மன்னிப்பு

எல்லாம் கழன்றபோதும் ஒன்று மட்டும் கடைசிவரை இருந்தது. தோட்டா உட்காரும் இடத்துக்கு மேலே, 16 இதழ் சாமந்திப்பூ. பேரரசரின் சின்னம். அதாவது துப்பாக்கி உன்னுடையது இல்லை, அவருடையது.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஜப்பானிய ராணுவ முகாம்களில் புதுப் பையன்களின் துப்பாக்கியில் ஒரு தூசி இருந்தால்கூட அடி விழும். சில நேரம் அதைவிட வினோதமான தண்டனை: துப்பாக்கியை நீட்டிப் பிடித்து விறைப்பாக நின்று, 'முப்பத்தெட்டாம் வகைக் காலாட்படை ரைஃபிள் அவர்களே' என்று மரியாதையாகக் கூப்பிட்டு அதனிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். கை நடுங்கும்வரை. பல முன்னாள் வீரர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆளைவிடத் துப்பாக்கிக்கு மரியாதை கூடுதல்.

சரணடைந்த பிறகு ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பூவை ராவியோ, மேலே கோடு போட்டோ அழித்திருக்கிறார்கள். பூ முழுசாக இருந்தால், சரணடைவதற்கு முன்பே போர்க்களத்தில் கைப்பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். சேகரிப்பாளர்களிடம் அதற்குத்தான் விலையும் அதிகம்.

இடையில் ஒரு கேள்வி வரலாம்: நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் தூக்கியதும் இதைத்தானா? மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கையில்? பெரும்பாலும் இல்லை. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரில் சரணடைந்தபோது பிரிட்டிஷ் படை விட்டுப்போன ஆயுதங்களே அவர்களுக்கு வந்தன. அதாவது பழைய த்ரீ நாட் த்ரீ. பிரிட்டனுக்கு எதிராக, பிரிட்டனின் துப்பாக்கி.

இரண்டு ஊர், இரண்டு காலை

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா. டோயோ கோக்யோ நிறுவனர் மட்சுடா ஜூஜிரோவுக்கு அன்று 70-வது பிறந்தநாள். குண்டு விழுந்த இடத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஹிஜியாமா என்ற சின்னக் குன்று. அது மறைத்ததால் ஆலைக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. அந்தக் காலையில் ஊருக்குள் இருந்த ஊழியர்கள் பலர் தப்பவில்லை. நகரமே இல்லாமல் போனதால், ஹிரோஷிமா மாகாண அரசு அலுவலகமே ரைஃபிள் ஆலைக்குள் வந்து உட்கார்ந்தது. 1946 வரை அங்கேதான். அதே ஆலையில் 1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி திரும்பத் தொடங்கியது. ஜூக்கி 1947-ல் தன் முதல் வீட்டுத் தையல் மெஷினை முடித்தது. ஹோவா மட்டும் பழைய தொழிலுக்குத் திரும்பி வந்தது. இன்று ஜப்பான் தற்காப்புப் படைக்கு ரைஃபிள் செய்து கொடுப்பது அந்தக் கம்பெனிதான்.

கொக்குரா என்ற பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன். ஆகஸ்ட் 9 காலையில் இரண்டாவது அணுகுண்டோடு கிளம்பிய அமெரிக்க விமானத்தின் முதல் இலக்கு நாகசாகி இல்லை, கொக்குரா ஆயுத ஆலை. கண்ணால் பார்த்துத்தான் குண்டு போட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் கீழே மேகமும் புகையும். முந்தைய நாள் பக்கத்து யஹாட்டாவில் போட்ட குண்டுகளின் புகையும் அதில் இருந்திருக்கலாம் என்கிறார்கள். விமானம் மூன்று முறை வட்டமடித்தது. ஆலை தெரியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. திருப்பினார்கள். 11.02-க்கு குண்டு நாகசாகியில் வெடித்தது.

கொக்குரா இன்று கிட்டாக்யூஷு நகரத்தின் ஒரு பகுதி. ஆலை இருந்த இடத்தில் கட்சுயாமா என்ற பூங்கா இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் 9-ம் தேதியும் அந்த ஊர்க்காரர்கள் அங்கே கூடி, நாகசாகியில் இறந்தவர்களுக்காகத் தலை குனிந்து நிற்கிறார்கள்.